நெல்லையிலிருந்து தான்சானியாவுக்கு: புதுத் தன்னார்வலரின் முதல் மூன்று மாதம்

சம்பளம் இல்லாமல் வெளிநாடு போகிறேன் என்றால் நெல்லைச் சீமையில் எந்த வீட்டிலும் முதலில் விழும் கேள்வி, “அப்ப எதுக்குல போற?” என்பதுதான். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஆள் அனுப்பிப் பழகிய ஊர்கள் இவை. கேள்வி நியாயமானது. டிக்கெட் போடுவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து அதற்குப் பதில் சொல்லிவிட வேண்டும். தன்னார்வலருக்கு அமைப்பு தருவது மாதப்படி. வாடகை, சாப்பாடு, பஸ், போன் ஆகியவற்றுக்கு அது சரியாகப் போகும். ஊருக்கு அனுப்ப மிஞ்சாது. தங்கச்சி கல்யாணக் கடனோ நகைக்கடனோ இருக்கிறவர் அதை முடித்துவிட்டுப் போவதே நல்லது. போன இடத்தில் ஆறாம் மாதம் வட்டி நெருக்கினால் அங்கேயும் மனசு ஒட்டாது, இங்கேயும் முகம் கொடுக்க முடியாது.

கிழக்கு ஆப்பிரிக்காவில், அதிலும் தான்சானியாவில், நம் பக்கத்துப் படிப்புக்கு உண்மையான தேவை இருக்கிறது. நர்சிங் முடித்தவர்கள், பி.எட். படித்தவர்கள், வேளாண்மைப் பட்டதாரிகள், பாளையங்கோட்டையில் நூறாண்டு தாண்டி நடக்கும் பார்வையற்றோர் பள்ளி, காதுகேளாதோர் பள்ளிகளில் வேலை பழகியவர்கள் என்று பட்டியல் நீளும். அங்கே போகிறவர்கள் முதல் மூன்று மாதத்தில் ஒடிந்துபோவது பெரும்பாலும் வேலையால் இல்லை. காய்ச்சல், வேகாத பருப்பு, பெயர் பொருந்தாத காகிதம், நலம் விசாரிக்காமல் கடந்துபோன வாசல் என்று சின்னச் சின்ன விஷயங்கள்தான் ஆளைச் சாய்க்கின்றன. அதனால் வேலையைப் பற்றிக் கொஞ்சமும் இந்தச் சின்ன விஷயங்களைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

அழைப்பது யார் என்று முதலில் பாருங்கள். ஐ.நா. தன்னார்வலர்கள் திட்டம் 1970-ல் பொதுச்சபைத் தீர்மானத்தால் தொடங்கியது. தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரம். விண்ணப்பத்துக்கோ தேர்வுக்கோ அது ஒரு பைசா வாங்குவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது ‘பதிவுக் கட்டணம்’ கேட்டால் எழுந்து வந்துவிடலாம். தொண்டு நிறுவனமோ திருச்சபையோ அழைத்தால் எழுத்தில் ஆறு விஷயம் கேளுங்கள்: வேலை என்ன, மேலதிகாரி யார், மாதப்படி எவ்வளவு, வீடு யார் பொறுப்பு, அவசரமானால் நோயாளியை விமானத்தில் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றும் செலவு மருத்துவக் காப்பீட்டில் உண்டா, குடியிருப்பு அனுமதிக்கு யார் பணம் கட்டுகிறார்கள். கடைசிக் கேள்விக்குத்தான் பலரும் மழுப்புவார்கள். தான்சானியாவில் சுற்றுலா விசாவில் போய் தன்னார்வ வேலை செய்யக்கூடாது. தன்னார்வலர், மிஷனரி, ஆய்வாளர், மாணவர் ஆகியோருக்கு ‘சி’ வகுப்புக் குடியிருப்பு அனுமதி என்று தனியாக உண்டு. “முதல்ல டூரிஸ்ட்ல வாங்க, அப்புறம் மாத்திக்கலாம்” என்று சொன்னால், அபராதமும் வெளியேற்றமும் உங்கள் தலையில்தான் விழும், சொன்னவர் தலையில் விழாது.

அடுத்தது பெயர். இது நம்மவர்களுக்கென்றே உள்ள தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘சு. இசக்கிமுத்து’, பட்டச் சான்றிதழில் ‘இசக்கிமுத்து சு’, பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து ‘இசக்கிமுத்து சுடலையாண்டி’. மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும், தார் எஸ் சலாம் குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரியாது. குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு பாஸ்போர்ட் வாங்கியிருந்தால் டிக்கெட்டிலும் விசாவிலும் அந்தக் கட்டத்தை ஆளுக்கொரு விதமாக நிரப்புவார்கள். செய்யவேண்டியது இதுதான்: பாஸ்போர்ட்டில் உள்ள வடிவத்தையே மூலமாக வைத்து, டிக்கெட், விசா, அனுமதி, வங்கி, தடுப்பூசி அட்டை எல்லாவற்றிலும் ஓர் எழுத்து மாறாமல் அதையே எழுதுங்கள். பழைய சான்றிதழ்களுக்கு, இந்தப் பெயர்களெல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஆங்கிலத்தில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி மூன்று அசல் வைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் நன்னடத்தைச் சான்றுக்கு பாஸ்போர்ட் சேவை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. சான்றிதழை ஒரே முத்திரையோடு மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்ளும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005-ல் சேர்ந்துவிட்டது. ஆனால் போகிற நாடும் அதில் இருந்தால்தான் அந்த ஒரே முத்திரை செல்லும். இல்லையென்றால் டெல்லியில் அந்த நாட்டுத் தூதரக முத்திரையும் வேண்டும். எது தேவை என்று அழைக்கும் அமைப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு, எப்படியும் இரண்டு மாதம் ஒதுக்கிவையுங்கள்.

தடுப்பூசியில் மஞ்சள் காய்ச்சல் ஊசி முக்கியம். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னை கிண்டி கிங் நிறுவனம் அவற்றில் ஒன்று. போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். செல்ல ஆரம்பித்தால் ஆயுளுக்கும் செல்லும். நைரோபி, அடிஸ் அபாபா வழியாக விமானம் மாறுகிறவர்களுக்கு இது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அட்டை இல்லாமல் அந்தப் பக்கத்திலிருந்து இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரம் உண்டு. டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் ஊசிகளையும், கிராமத்தில் வேலை என்றால் வெறிநாய்க்கடி முன்தடுப்பையும் பாளையங்கோட்டையிலேயே முடித்துவிடலாம்.

பெட்டி கட்டும்போது நம் வீடுகளில் எல்லாமே பாலிதீன் கவரில் போகும். தான்சானியா 2019 ஜூன் 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளைத் தடைசெய்துவிட்டது. கென்யா 2017 ஆகஸ்டிலேயே. ஆகவே இட்லிப்பொடி, பருப்புப்பொடி, சுக்குப்பொடி எல்லாம் மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போகட்டும். அந்த டப்பாக்கள் அங்கே அடுக்களைக்கும் ஆகும். கூடவே கருப்பட்டி 2 கிலோ, தோல் நீக்கிய முழு உளுந்து 3 கிலோ, வெந்தயம், பெருங்காயம், கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய். துவரம்பருப்பைச் சுமக்க வேண்டாம். நாம் சாப்பிடும் துவரையில் ஒரு பங்கு தான்சானியாவிலிருந்துதான் இறக்குமதியாகிறது. அல்வா முதல் வாரத்துக்கு மட்டும். வீட்டுக்காரருக்கும் மேலதிகாரிக்கும் கொடுக்கப் பத்தமடைப் பாய் சிறிய அளவில் இரண்டு எடுத்துப்போங்கள். சுருட்டினால் கைப்பைக்குள் அடங்கும். பாய் பின்னுவது அவர்களுக்கும் தெரிந்த வேலை என்பதால் கோரையின் நேர்த்தியை உடனே தொட்டுப் பார்த்துப் பேசுவார்கள்.

ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு போக வேண்டாம். தார் எஸ் சலாம் தூத்துக்குடி மாதிரியே வேகும். ம்பேயா, இரிங்கா போன்ற தென்மேட்டு நிலங்களில் ஜூன், ஜூலை இரவுகளில் குளிர் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். அங்கங்கே ‘மிடும்பா’ என்று பழைய துணிச் சந்தை கூடும். நல்ல கம்பளிச் சட்டை மலிவாகக் கிடைக்கும்.

கையில் டாலர் கொண்டுபோவதானால் புது நோட்டாக, மடிப்பும் மையும் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். பழைய அச்சு நோட்டுகளை அங்கே பல வங்கிகள் தொடமாட்டா. அன்றாடச் செலவு போனில்தான் ஓடும். எம்-பெசா, ஏர்டெல் மணி போன்றவற்றில் பணத்தைப் போட்டுவைத்து, தெருமுனை முகவரிடம் ரொக்கமாக எடுக்கலாம். சிம் வாங்க பாஸ்போர்ட்டும் கைரேகையும் கேட்பார்கள். கிராமத்து முகவரிடம் சாயங்காலத்துக்கு மேல் ரொக்கம் தீர்ந்துவிடும், ஞாயிறன்று கடையே இருக்காது. வெள்ளிக்கிழமை காலையிலேயே வாரச்செலவுக்கு எடுத்துவைப்பது நல்ல பழக்கம். இந்திய சிம்மை உயிரோடு வைத்திருங்கள், வங்கி ஓ.டி.பி. எல்லாம் அதில்தான் வரும். மூன்று மாதம் தொடாமல் போட்டால் எண் பறிபோகலாம். வீட்டில் ஒருவரை மாதாமாதம் ரீசார்ஜ் போடச் சொல்லிவிடுங்கள்.

வீட்டு மின்சாரம் நம் மாதிரியே 230 வோல்ட், ஆனால் சுவரில் இருப்பது சதுரக் கால் மூன்றுள்ள ஆங்கிலேயப் பிளக். மலிவு அடாப்டரில் மிக்ஸியைச் செருகினால் தளர்வான தொடர்பில் சூடேறி உருகும். பிளக்கையே மாற்றிவிடுங்கள். கடையில் 5 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள பிளக் கேளுங்கள். 750 வாட் மிக்ஸி மூன்றரை ஆம்பியர்கூட இழுக்காது. 13 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால், வயர் எரிந்தபிறகும் ஃபியூஸ் போகாது. மூடியைத் திறந்து, பெரிய கால் மேலே இருக்கும்படி பிடித்தால், வலது கீழே ஃபியூஸ் பக்கம் லைவ் (பழுப்பு அல்லது சிவப்பு), இடது கீழே நியூட்ரல் (நீலம் அல்லது கறுப்பு), மேலே எர்த் (பச்சை). வயரின் வெளித்தோல் பிளக்கின் பிடிக்குள் இறுகியிருக்கவேண்டும். இல்லையென்றால் இழுக்கும்போது எர்த் கழன்றுவிடும். மின்கட்டணம் ‘லுகு’ என்ற முன்பண மீட்டரில்: போனில் பணம் கட்டினால் 20 இலக்க எண் வரும், அதை மீட்டரில் அடிக்கவேண்டும். முதல் நாளே வீட்டுக்காரரிடம் மீட்டர் எண்ணை வாங்கி எழுதிவையுங்கள். இருட்டில் தீப்பெட்டி வெளிச்சத்தில் மீட்டரைத் தேடுவது நல்ல தொடக்கமாக இராது.

தண்ணீரைக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆற்றிக் குடித்தால் கிருமிக்குப் போதும். அருஷா, கிளிமஞ்சாரோ பக்கம் மட்டும் இந்த யோசனை செல்லாது. அங்கே எரிமலை மண்ணால் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். கொதிக்க வைத்தால் நீர் வற்றி ஃபுளூரைடு இன்னும் செறியும். சில இடங்களில் எலும்புக்கரி வடிகட்டி வைத்திருப்பார்கள். சைவ வீட்டிலிருந்து போகிறவர் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, வேண்டாமென்றால் மழைநீர்த் தொட்டி உள்ள வீடாகப் பார்க்கவேண்டும்.

இனி அடுக்களை. ம்பேயா சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் அங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு மணிக்கணக்கில் வேகாமல் கிடக்கும். ஊரிலிருந்து 3 லிட்டர் குக்கரும் உபரியாக இரண்டு கேஸ்கட்டும் ஒரு சேஃப்டி வால்வும் எடுத்துப்போனால் பாதிக் கவலை தீரும். சந்தையில் ‘ம்பாசி’ என்று தோலோடு முழுத் துவரைதான் கிடைக்கும். இரவே ஊறவைத்து, உப்பும் புளியும் சேர்க்காமல், ஊரில் விடுவதைவிட இரண்டு விசில் கூடவே விடுங்கள். புளியை முன்னால் போட்டால் அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் தோல் இளகாது. இட்லி மாவு குளிரில் ஒரே இரவில் பொங்காது. வெந்நீர் நிரப்பிய பாட்டிலோடு மாவுப் பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி மூடினால் 14 மணி நேரத்தில் எழும். புழுங்கலரிசி கிடைப்பது அரிது. கியேலா என்ற ஊரின் பச்சரிசி வாசமான அரிசி, அதில் இட்லியைவிட தோசை நன்றாக வரும். சொதிக்கு வேண்டியது எல்லாமே உண்டு: தேங்காய், பாசிப்பருப்பு, உருளை, கேரட், பீன்ஸ், இஞ்சி, எலுமிச்சை. கடற்கரை ஊர்களில் தேங்காய் மலிவு, மேட்டில் விலை கூடும்.

ஆனால் தினமும் நம் சாப்பாட்டையே சமைத்துக்கொண்டிருந்தால் பொழுது அதிலேயே போகும், தெருவும் தூரமாகவே நிற்கும். மதியத்துக்கு உகாலி பழகுங்கள். மக்காச்சோள மாவுக் களி அது. உளுந்தங்களி கிண்டிய கைக்கு ஒரு வாரத்தில் படியும். வலக்கையால் ஒரு துண்டு கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் நடுவில் குழி அழுத்தி, அந்தக் குழியில் கீரையையோ பீன்ஸையோ அள்ளிச் சாப்பிடவேண்டும். ‘ம்சிசா’ என்பது நம் தண்டுக்கீரை வகைதான். சைவம் சாப்பிடுகிறவர் “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கும். மீன், கோழி, காய்ந்த நெத்திலி மாதிரியான டகா எல்லாவற்றையும் தனித்தனியாகச் சொல்லவேண்டும். குளிருக்காகக் கரியடுப்பை இரவில் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது மட்டும் ஒருபோதும் கூடாது. கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

மலேரியாவை நம் ஊர்க் காய்ச்சல் என்று எண்ணாதீர்கள். அங்கே பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை. ஓரிரு நாளில் மூளையைத் தாக்கக்கூடியது. கொசுவலையை மெத்தைக்கு அடியில் நாலு பக்கமும் செருகி, உடம்பு வலையைத் தொடாத அகலத்தில் கட்டவேண்டும். வலையோடு ஒட்டிய முழங்கையைக் கொசு வெளியிலிருந்தே கடிக்கும். மருந்து தோய்த்த வலையைச் சாதாரண சோப்பில் அலசி நிழலில் காயப்போடுங்கள், வெயிலில் மருந்து வீரியம் இழக்கும். மலேரியா வராமல் தடுக்க டாக்டர் டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதித் தந்தால், போவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, திரும்பி வந்தபின்னும் 4 வாரம் சாப்பிடவேண்டும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். இல்லையென்றால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். காய்ச்சல் கண்ட அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. மலேரியா என்றால் வழக்கமாகத் தருவது ஆர்டிமெதர்-லூமிஃபாந்த்ரின்: பெரியவர்களுக்கு வேளைக்கு 4 மாத்திரை, 3 நாளில் 6 வேளை. முதல் வேளைக்கும் இரண்டாவதற்கும் 8 மணி நேர இடைவெளி. பால் அல்லது எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடம்பில் சேரும். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது என்று பாதியில் நிறுத்துவதுதான் நம்மவர்கள் செய்யும் தவறு.

தெருவில் இறங்கினால் முதல் வேலை நலம் விசாரிப்பது. வயதில் மூத்தவரைப் பார்த்தால் “ஷிகமூ” என்று நாம்தான் முதலில் சொல்லவேண்டும். அவர் “மரஹபா” என்பார். பிறகு வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, வேலை எப்படி, இரவு தூக்கம் எப்படி என்று ஒவ்வொன்றாகப் போகும். இதெல்லாம் முடியாமல் “அந்த ஃபைல் எங்கே?” என்று கேட்டால் அன்று முழுவதும் ஃபைல் கிடைக்காது. “என்ன அண்ணாச்சி, சௌக்கியமா?” என்று தொடங்காமல் கடையில் அரைப் படி அரிசி கேட்காத ஊரிலிருந்து போகிறவருக்கு இது புதிதாக இருக்க நியாயமில்லை; ஆனால் ஆபீஸ் என்றதும் நாம் அதை மறந்துவிடுகிறோம். பெண்களை மூத்த பிள்ளையின் பெயர் சேர்த்து ‘மாமா நேமா’ (நேமாவின் அம்மா) என்பதுபோல் அழைப்பார்கள். பெயர் மட்டும் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அங்கே பேசும் சுவாஹிலி மொழிச் சொற்களைக் குறிப்பேட்டில் தமிழெழுத்தில் எழுதிப் படித்தால் ஒரு சிக்கல் வரும்: க, ட, ப எழுத்துகளின் இரண்டு ஒலிகளும் நமக்கு ஒரே எழுத்து, அங்கே ஒலி மாறினால் பொருளே மாறும். ரோமன் எழுத்தில் எழுதி, சந்தைக்காரர் வாயால் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். கால்டுவெல் 1838-ல் சென்னையில் இறங்கி, தமிழ் படித்துவிட்டுத்தான் 1841-ல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். மொழிக்கு நேரம் கொடுத்தவரை ஊர் ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு நம் சீமையிலேயே சாட்சி இருக்கிறது.

நேரக் கணக்கில் கவனம் வேண்டும். சுவாஹிலியில் மணி, சூரிய உதயத்திலிருந்து ஓடும், நாழிகைக் கணக்கு மாதிரி. காலை 7 மணி அவர்களுக்கு ஒரு மணி. காலை 6 மணி, பன்னிரண்டு. “பஸ் பன்னிரண்டுக்கு” என்று வாயால் சொன்னதை நம்பி நண்பகலில் போய் நின்றால் பஸ் புறப்பட்டு ஆறு மணி நேரம் ஆகியிருக்கும். டிக்கெட்டில் எழுதித்தரச் சொல்லி, காலையா பகலா என்றும் கேட்டுவிடுங்கள். ஊருக்குப் போன் பேச வித்தியாசம் இரண்டரை மணி நேரம். அங்கே இரவு 8 என்றால் நெல்லையில் 10:30, அம்மா தூங்கியிருப்பார். அங்கே மாலை 5 மணிக்குக் கூப்பிட்டால் இங்கே 7:30, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். வாரத்தில் இரண்டு கிழமை குறித்துக்கொண்டு, கரண்ட் போனால் கூப்பிட முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

உங்களை ‘ம்ஹிந்தி’ என்பார்கள். இந்தியர் என்றால் அங்கே தலைமுறைகளாகக் கடை முதலாளி என்றே பொருள். குஜராத்தி வணிகக் குடும்பங்களின் வரலாறு அது. சந்தையில் விலை கூடுவதும், “உன் கடை எங்கே?” என்ற கேள்வியும் அதிலிருந்து வருவதுதான். கோபப்பட ஒன்றுமில்லை. பள்ளியில் வேலை என்று சொன்னால் ‘ம்வாலிமு’, அதாவது ஆசிரியர், ஆகிவிடுவீர்கள். நாட்டின் முதல் தலைவர் நியரேரேயை மக்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆசிரியருக்கு அங்கே அவ்வளவு மரியாதை.

வேலையில் முதல் மூன்று மாதம் புதிதாக எதையும் தொடங்காதீர்கள் என்பது என் திடமான கருத்து. நடப்பதைப் பாருங்கள், பதிவேடுகளைப் படியுங்கள், உடன் வேலை செய்யும் உள்ளூர்க்காரர் ஒருவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். எந்தத் திட்டத்தையும் அவர் கையெழுத்தில், அவர் பெயரில் தொடங்கினால் நீங்கள் கிளம்பியபின்னும் அது நடக்கும்.

துக்க வீட்டுக்குப் போகாமல் இருக்காதீர்கள். ‘ம்சிபா’ என்றால் ஆண்கள் வெளியே, பெண்கள் உள்ளே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். பேசத் தெரியாவிட்டாலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பணம் வைத்த கவரைப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டு வந்தால் போதும். கல்யாணத்துக்கு மொய் முன்கூட்டியே வந்துவிடும்: ‘ம்சாங்கோ’ அட்டையில் நீங்கள் தருவதாகச் சொன்ன தொகையைக் குறித்துக்கொள்வார்கள், தந்தபின்தான் அழைப்பிதழ் வரும். மாதப்படியில் இதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கி, அதைத் தாண்டாதீர்கள். ஒருவருக்குப் பெரிய தொகை கொடுத்தால் அடுத்தவருக்குக் குறைக்க முடியாது.

பணிக்காலம் முடிந்து நெல்லை திரும்பிய பின், பல மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியோ தெருவிலுள்ள கிளினிக்கோ எங்கே போனாலும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக “ஆப்பிரிக்காவில் இருந்துவிட்டு வந்தேன், மலேரியா பார்க்கணும்” என்று சொல்லுங்கள். வீட்டிலும் சொல்லிவையுங்கள், காய்ச்சல் வேகத்தில் உங்களால் சொல்ல முடியாமல் போகலாம்.